எங்கே வந்திருக்கிறோம்?

பஸ்டர் கீட்டன் 1921இல் எடி க்ளைனுடன் சேர்ந்து இயக்கிய 'தி போட்' இரண்டே ரீல் படம். அரைமணி நேரம்கூட ஓடாது. ஒருவன் வீட்டுக்குள்ளேயே சொந்தமாகப் படகு கட்டி முடித்திருக்கிறான். மனைவி, இரண்டு பொடியன்கள், எல்லோரும் கடலுக்குப் போகத் தயார். காரில் கயிறு கட்டி இழுத்தால் படகு வாசலைவிடப் பெரியதாக இருக்கிறது. சுவரைப் பெயர்த்துக்கொண்டு அது வெளியே வர, வீடு மொத்தமும் சரிகிறது. துறைமுகத்தில் காரும் தண்ணீருக்குள் போய்விடுகிறது.

பிறகு படகை நீரில் இறக்கும் காட்சி. கீட்டன் படகின்மேல் நிமிர்ந்து நிற்கிறார். படகு சரிவில் வழுக்கி வந்து, வந்த வேகத்திலேயே நேராக நீருக்குள் இறங்குகிறது. தண்ணீர் கழுத்துக்கு ஏறும்வரை அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தப் படகை ஒழுங்காக மூழ்கவைக்கத்தான் படாத பாடு பட்டோம், பாரம் ஏற்றினாலும் மிதந்தது என்று கீட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த மனைவியைப் பற்றித்தான் யோசனை. நடித்தவர் சிபில் சீலி. முந்தைய ஆண்டு 'ஒன் வீக்' படத்தில் கீட்டனின் புதுமணப்பெண்ணாக வந்து, இருவரும் கட்டிய வீட்டை ரயில் இடித்துத் தள்ளுவதைப் பார்த்தவர். இங்கே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். காதல் படங்கள் கல்யாணத்தோடு நின்றுவிடும். கீட்டன் அதற்கப்புறமும் கூடவே போகிறார். மூழ்கிய படகு மறுபடி மிதந்தபின், அதற்குள் படம் மாட்ட அவன் அடித்த ஆணி பலகையைத் துளைத்து நீர் கசிகிறது. அவள் சுட்ட அப்பமோ பல்லுக்கு அசையாது. அதையே எடுத்து ஓட்டையை அடைக்கிறான். எனக்கு இதுதான் படத்தின் காதல் காட்சி.

புயலில் படகு போய்விடுகிறது. நால்வரும் குளியல் தொட்டியில் ஏறித் தப்புகிறார்கள். பையன் அதன் அடைப்பையும் பிடுங்கிவிடுகிறான். மூழ்கப்போகிறோம் என்று கட்டிக்கொண்டால் கால் தரையில் தட்டுகிறது. இருட்டில் நடந்து கரையேறுகிறார்கள். எங்கே வந்திருக்கிறோம் என்று அவள் கேட்கிறாள். தெரியாது என்கிறான். அந்தப் பதிலுக்கு எழுத்து அட்டை கிடையாது, உதட்டசைவுதான்.

வீட்டை இடித்துக்கொண்டு கனவைத் துரத்துகிறவனோடு எப்படி வாழ்வது? அவனுடைய அசையாத முகத்தைப் பலரும் புகழ்கிறார்கள். கட்டிய மனைவிக்கு அந்த முகத்தால் ஒரு பயனும் இல்லை என்று நினைக்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தப் பதில்.

என் அப்பா கடன் வாங்கி ஓர் அச்சகம் வைத்தார். இரண்டாவது இயந்திரம் வாங்கியபின் வேலை குறைந்தது, வட்டி ஏறியது. ஒரு ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "இப்ப எந்த நெலமையிலங்க இருக்கோம்?"

"அடுத்த மாசம் சரியாயிடும். நீ சாப்பிடு."

கடன்காரர் வாசலில் வந்து நின்றபோதுதான் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது. தெருவில் பாதிப் பேருடைய சீட்டுக் கணக்கை எழுதிவந்தவள் அவள். ஒரு பைசா பிசகியதில்லை. தெரியவில்லை என்று அப்பா அன்றைக்கே சொல்லியிருந்தால், வளையலைக் கழற்றுவதற்கு முன்னால் அச்சகத்தின் கணக்கு நோட்டைத்தான் கேட்டு வாங்கியிருப்பாள்.