மங்கல மேடையில் மெய்யும் முகஸ்துதியும்



தபசுகாலம் முடிந்து பாஸ்குத் திருநாளும் கழிந்துவிட்டால் நம் கோவிலூர்ப் பக்கம் கலியாணங்களுக்குக் குறைவில்லை. கோயிலில் பூசை முடிந்து மணமக்கள் மண்டபத்துக்கு வந்து சேருமுன்பே அங்கே ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கிவிடும். மேடையில் ஏழெட்டு நாற்காலிகள்; தலைமை தாங்க ஒருவர், வாழ்த்துரைக்கப் பலர், நன்றி கூற ஒருவர். ஞானஸ்நான விருந்துகளிலும் இவ்வழக்கம் புகுந்துவிட்டது. உறங்கும் பச்சைக் குழந்தைக்கு முன்னால் ஐந்து சொற்பொழிவுகள்!

இதை நிறுத்திவிடுங்கள் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. தமிழ்நாட்டில் மணமேடை பேச்சுமேடையானதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1928ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ. வெ. ராமசாமி நடத்திவைத்த திருமணத்தை முதலாவது சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அத்தகைய திருமணங்களில் மந்திரம் இருந்த இடத்தில், வந்தவர்களுக்கெல்லாம் விளங்கும் தமிழ்ப் பேச்சு வந்தது. 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவற்றைச் செல்லுபடியாக்கிற்று. இன்று எந்த மதத்தார் வீட்டுக் கலியாணமானாலும் வாழ்த்துரை இல்லாமல் இல்லை. விளங்கும் சொல் வேண்டும் என்பது நல்ல ஆசையே. 1963இல் வத்திக்கான் சங்கம் நமது வழிபாட்டில் தாய்மொழிக்கு இடங்கொடுத்ததும் இக்காரணம் பற்றியன்றோ?

ஆனால் சொல் விளங்கினால் மட்டும் போதுமா? மெய்யாகவும் இருக்க வேண்டாமா? மங்கல வேளையில் சொல்லப்படும் பொய், பொய்யில் சேராதா? இதைத்தான் உங்களோடு சற்று ஆலோசிக்க விரும்புகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு வீட்டின் மூன்றாவது பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். விருந்தின்போது பேசியவர்களில் ஒருவர் நல்ல மனிதர், கள்ளமில்லாதவர். "கவலைப்பட வேண்டாம். அடுத்த முறை ஆண் குழந்தையின் விருந்துக்கு இதே இடத்தில் கூடுவோம்" என்று வாழ்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். குழந்தையின் தாய் மட்டும் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்துப் பேச வேண்டியவன் நான். என்ன பேசினேன்? அக்குழந்தையின் பாட்டனார் கோயிலுக்குச் செய்த உபகாரங்களைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே குழந்தையின் தலையில் தண்ணீர் வார்த்து, இது சர்வேசுரனுடைய பிள்ளை என்று அறிவித்தவன் நான்தான். மேடையில் அதைச் சொல்ல நாவெழவில்லை. விடைபெறும்போது அந்தத் தாய், "சாமி, நீங்களாவது..." என்று தொடங்கி, முடிக்காமலே உள்ளே போய்விட்டாள். அந்த முடியாத வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது.

"கலியாண வீட்டில் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் சாமி? அங்கே போய்க் குற்றங்குறை பேச முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அர்ச். அகுஸ்தீன் 395ஆம் ஆண்டளவில் பொய்யைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். பொய்களை எட்டு வகையாகப் பிரித்து, கனமானதிலிருந்து இலேசானதுவரை வரிசைப்படுத்தினார். இனிய பேச்சால் பிறரை மகிழ்விப்பதற்காகச் சொல்லும் பொய்க்கு அவ்வரிசையில் ஐந்தாம் இடம். அது பெரும் பாதகமென்று அவர் சொல்லவில்லை. பொய்யில்லை என்றும் விட்டுவிடவில்லை.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறார். துன்பப்படுகிறவனைத் தேற்றுவதற்கோ, நல்வழியில் முன்னேறத் தூண்டுவதற்கோ ஒருவனைப் புகழ்வது நட்பென்னும் புண்ணியத்தைச் சேர்ந்தது. புகழத்தகாததைப் புகழ்வதும், நிச்சயமில்லாததைப் புகழ்வதும், புகழ்ச்சியால் அவனுக்கு வீண்பெருமை உண்டாகுமென்று அஞ்சவேண்டிய இடத்தில் புகழ்வதும் முகஸ்துதி. திருவள்ளுவரோ வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தீங்கு சிறிதும் பயவாத சொல்லே வாய்மை என்று இலக்கணம் வகுக்கிறார். இந்த அளவுகோல்களைக் கொண்டு நம் மேடைகளை அளந்து பாருங்கள். "அடுத்தது ஆண் குழந்தை" என்பது பார்வைக்கு வாழ்த்து. ஆனால் அது மடியிலிருக்கும் மகளை, வந்திருக்கக்கூடாத விருந்தாளியாக்கி விடுகிறது.

மாப்பிள்ளை வீட்டாரின் "பெருந்தன்மை"யை ஒருவர் அரைமணி நேரம் புகழ்கிறார். அந்தப் பெருந்தன்மைக்காகப் பெண்ணின் தகப்பனார் வயலை அடகு வைத்தது மேடையிலிருக்கும் பாதிப்பேருக்குத் தெரியும். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கர்த்தர் சமுகத்தில் அது அநீதி. அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் சூட்டுகிறவருடைய பேச்சினால் யாருக்கும் நஷ்டமில்லையா? அடுத்த வீட்டில் பெண்ணை வைத்திருக்கும் தகப்பனும் அதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான்!

கானாவூர்க் கலியாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சேசுநாதர் அங்கே சொற்பொழிவு ஆற்றியதாக அருளப்பர் எழுதவில்லை. ஆறு கற்சாடிகளில் தண்ணீரை நிரப்பச் சொன்னார், அவ்வளவுதான். புகழ்ச்சியுரை கூறியவன் பந்தி விசாரிப்புக்காரன் ஒருவனே. அவன் யாரைப் புகழ்ந்தான்? மணமகனை! நல்ல இரசத்தை இதுவரை வைத்திருந்தாயே என்றான். மணமகனுக்கோ அதில் ஒரு துளியும் பங்கில்லை. இரசம் எங்கிருந்து வந்ததென்று பந்தி விசாரிப்புக்காரனுக்குத் தெரியாது, தண்ணீர் மொண்ட வேலையாட்களுக்குத் தெரியும் என்று சுவிசேஷகர் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்.

நம் மண்டபங்களிலும் இதே கதைதான். மேடையில் ஒருவருக்கு மாலை விழுகிறது. தண்ணீர் மொண்டவர்கள் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்கையின் கலியாணத்துக்காகச் சிங்கப்பூரில் இரவுவேலை பார்த்த அண்ணன், தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த தாய், விடிய விடிய அடுப்படியில் நின்ற சித்தி: இவர்கள் பெயரை ஒலிபெருக்கி அறியாது. குற்றங்குறை பேசச் சொல்லவில்லை, ஐயா. இவர்களைப் பற்றிப் பேசினால் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராதென்றுதான் சொல்கிறேன். பொய்க்கும் குற்றப்பேச்சுக்கும் நடுவே மெய்யான நன்றி என்று ஒரு விசாலமான பாதை இருக்கிறது.

குழந்தைகளின் விருந்துக்கும் வேதாகமத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. ஸ்நாபக அருளப்பருக்குப் பெயரிடும் நாளில் உறவினர் எல்லாரும் பேசினார்கள். தகப்பனாகிய சக்கரியாஸ் மட்டும் பல மாதங்களாக ஊமையாயிருந்தார். பலகையில் பிள்ளையின் பெயரை எழுதினார், நாவு கட்டவிழ்ந்தது. லூக்காஸ் எழுதியுள்ள அவருடைய உரை பன்னிரண்டே வசனங்கள். பெரும்பகுதி தேவனுக்குத் தோத்திரம். குழந்தையை நோக்கிச் சொன்னவை இரண்டு வசனங்களே. அந்த இரண்டிலும், பிள்ளை யாருக்கு ஊழியம் செய்யப் பிறந்தது என்பதுதான் பேச்சு. தன் குலப்பெருமை அதில் இல்லை. அவ்வளவு நாள் மௌனமாயிருந்தவருக்கு எதைச் சொல்லவேண்டும் என்பது தெரிந்திருந்தது!

அண்டை அயலாரிடமும் நாம் கற்றுக்கொள்ளலாம். நகரத்தார் வீட்டுத் திருமணங்களில் இசைகுடிமானம் எழுதுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரு வீட்டாரின் இசைவை எழுத்தில் நிறுத்துகிற பத்திரம் அது. முன்னாளில் ஓலையிலும் பின்னாளில் தாளிலும் எழுதப்படுவது. அதில் அலங்காரத்துக்கு வேலையில்லை. சொன்ன சொல்லுக்கு உடன்பட்டு நிற்பதே அதன் சாரம். நமது மெய்விவாகமும் அப்படித்தான். சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது என்பது திருச்சபைச் சட்டம். அதை உண்டாக்கும் வார்த்தைகளைச் சொல்பவர்கள் மணமக்கள் இருவரே. குருவானவர் அதைக் கேட்டு ஏற்கும் சாட்சி. அன்றைய தினத்தின் மெய்யான சொற்பொழிவு, பீடத்தண்டையில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் கொடுக்கும் வாக்கும் அத்தகையதே.

ஆகையால் மேடையேறுகிறவர்களுக்கு என் தாழ்மையான விண்ணப்பம் இது. உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு நன்மையைச் சொல்லுங்கள். யாரும் பெயர் சொல்லாத ஒருவரைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். பிறகு, மணமக்கள் பதினாறு பேறும் பெறவேண்டுமென்று வாழ்த்துவதோடு நில்லாமல், உங்கள் பங்குக்கு ஒரு வாக்குக் கொடுங்கள்: இவர்களுக்குள் பிணக்கு வந்தால் ஒரு பக்கம் சாய்ந்து தூபம் போட மாட்டேன் என்றோ, இந்தப் பெண்ணை மேற்படிப்புப் படிக்கவைக்க உதவுவேன் என்றோ சொல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் போதும். சோறும் ஆறாது.

நானும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றுமுதல் எந்த ஞானஸ்நான விருந்தில் பேசினாலும், குழந்தையின் பெயரைச் சொல்லி, "நீ பிறந்ததற்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்றுதான் தொடங்குகிறேன். பெண் குழந்தையானால் இரண்டு முறை சொல்கிறேன். முந்தானையால் மூடப்பட்ட அந்த முகத்துக்கு நான் பட்ட கடன் அது.

சேசுநாதரில் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு