கூரைக்குக் கப்பம்

நாம் உழைப்பது வயிற்றுக்கா, வாடகைக்கா? சென்னையிலே வீடு தேடி அலைந்தோர் அறிவர்: பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொட்டவேண்டும் என்பது இந்நகரின் நெடுநாள் வழக்கம். வாடகை 10,000 ரூபாய் எனில், சாவி கைக்கு வருமுன்னே ஓர் இலட்சம்! (சாதியும் சமையலும் விசாரிக்கப்படுவது தனிக் கொடுமை.)

2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாதத்துக்கு மேல் கூடாதென்றது; 'வேறு ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்றொரு கொல்லைப்புற வாசலையும் திறந்துவைத்தது. "இசைந்துதானே கையெழுத்திட்டான்?" என்பர். பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நிற்பவன் இசைவு, இசைவாகுமா? மறுக்க வழியற்றவன் 'சரி' என்பது ஒப்புதலா, ஓலமா?

ஓய்வூதியமின்றி, வாடகையால் வாழும் முதியோரும் வீட்டுக்காரரில் உண்டு. அவரை நாம் பகைக்கவில்லை. அச்சத்தை ஒப்பந்தமென எழுதிய அவ்வொரு வரியைத்தான் நீக்கச் சொல்கிறோம்.