எவர் பெற்ற பிள்ளை?

பிறப்பு மறைக்கப்பட்ட ஒருவன் பல இன்னல்களுக்குப் பின் தன் பெற்றோரைக் கண்டறியும் கதை எந்த மொழியிலும் வாசகரைப் பிணிக்க வல்லது. தமிழில் நாவல் என்னும் இலக்கிய வகை கண் விழித்த காலத்திலேயே இக்கதையும் நம்மிடையே வந்துவிட்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சேறியது. அதன் பின் ஆறே ஆண்டுகளில், 1885-ல், கண்டி நகர வழக்கறிஞரும் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையின் ஆசிரியருமான அறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதி வெளியிட்டார். இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல் அதுவே.

மிஸ்ரு நாட்டின் உயர்குடியில் பிறந்த குழந்தை ஒன்று கடத்தப்படுகிறது. பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு அங்கே வளர்கிறது. தான் எவர் மகன் என்றறியாத அசன் கல்வி கற்று, இடர்கள் பல கடந்து, காதலும் வீரமும் கண்டு, முடிவில் தன்னைப் பெற்றவர்களை அடைகிறான். 'பே' என்பது உதுமானியப் பேரரசில் வழங்கிய மரியாதைப் பட்டமாகும். மிஸ்ரின் உராபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு 1883-ல் இலங்கை வந்து சேர்ந்தவர் என்பதை நினைவிற் கொண்டால், கண்டியில் இருந்து எழுதியவர் மிஸ்ரைக் கதைக்களமாகக் கொண்டதன் பொருத்தம் விளங்கும்.

இக்கதையையும், இதன் வழியில் வந்த பிற கதைகளையும் படித்தோர் கூறும் கருத்துக்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். "எங்கே வளர்ந்தாலும் உயர்குடி இரத்தம் தன் குணத்தைக் காட்டிவிட்டது பார்த்தீர்களா!" என்று மகிழ்வோர் ஒரு சாரார். "அவன் ஒரு சுமைகூலியின் மகனாக இருந்திருந்தால் அவன் கற்ற கல்வி குறைந்துவிடுமா? ஆசிரியர் ஏன் அவனுக்கு ஒரு பிரபுவைத் தேடித் தர வேண்டும்?" என்று வினவுவோர் மற்றொரு சாரார். "வளர்த்த கைதானே தாய், பெற்றவரை இத்தனை பாடுபட்டுத் தேடுவானேன்?" என்போர் மூன்றாமவர். கதையைப் பற்றிய பேச்சாகத் தோன்றினும், இவை உண்மையில் மனிதனைப் பற்றிய தீர்ப்புகளாகும். ஆகவே இவற்றை எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமையாகின்றது.

இவ்வினாவுக்குள் இரு வேறு பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவன் எவருக்குப் பிறந்தான் என்னும் உண்மை ஒன்று. அவன் எத்தகையவன் என்னும் மதிப்பு மற்றொன்று. முதற் சாரார் உண்மையைக் கொண்டு மதிப்பை அளக்கிறார்கள். மூன்றாமவர் மதிப்பைக் காரணம் காட்டி உண்மையையே வேண்டாமென்கிறார்கள். நம் மார்க்கம் இவ்விரண்டையும் பிரித்து வைத்த பாங்கு நுணுகி ஆராயத்தக்கது.

அசனின் கதைக்குப் பன்னிரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, கற்பனை கலவாத வரலாறாக, ஒரு சிறுவனின் கதை நிகழ்ந்துள்ளது. கல்பு குலத்து ஹாரிஸாவின் மகன் ஜைது, தாயுடன் அவளது உறவினரிடம் சென்றிருந்த வேளையில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு உக்காழ் சந்தையில் விற்கப்பட்டார். அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்காக அவர்களின் உடன்பிறந்தார் மகன் ஹகீம் வாங்கினார். அன்னையார் அச்சிறுவரைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மகனைத் தேடி அலைந்த தந்தை, ஈட்டுப் பொருளுடன் மக்கா வந்தடைந்தார். பொருள் எதுவும் வேண்டியதில்லை, பிள்ளை விரும்பினால் அழைத்துச் செல்லலாம் என்று பெருமானார் கூறிவிட்டார்கள். ஜைதோ பெருமானாரை விட்டுப் பிரிய மறுத்தார். அன்று கஅபாவின் முன் அவர் மகனாக அறிவிக்கப்பட்டார்; 'ஜைது இப்னு முஹம்மது' என்றே மக்கள் அழைத்தனர்.

நாவலாக இருந்திருப்பின் கதை இங்கே முடிந்திருக்கும். வளர்த்த பாசம் வென்றது என்று மூன்றாம் சாரார் மனம் நிறைந்திருப்பர். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. மதீனாவில், வளர்ப்பு மக்களை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்னும் கட்டளை, அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனமாக இறங்கியது. ஜைது மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஆனார். உலகத்தில் எவரும் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒரு பெயரை அவர் உண்மையின் பொருட்டு விட்டுக்கொடுத்தார். தோழர்களுள் திருக்குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவர் அவர் ஒருவரே என்பதையும், அது அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைத்த சிறப்பு என அறிஞர்கள் சிலர் விளக்கியிருப்பதையும் ஈண்டு குறிப்பிடல் தகும்.

பெயர் மாறியதால் பாசம் மாறவில்லை, தகுதியும் மாறவில்லை. ஹிஜ்ரி 8-ல் மூஅத்தா போருக்குப் புறப்பட்ட படையின் முதல் தளபதி அவரே. அப்போரிலேயே அவர் உயிர்த்தியாகம் செய்தார். அவருடைய மகன் உஸாமா இளவயதிலேயே பெரும்படையொன்றின் தலைவராக்கப்பட்டபோது சிலர் முணுமுணுத்தனர். இவர்கள் முன்னர் தந்தையின் தலைமையையும் குறை கூறியவர்களே எனச் சுட்டிக்காட்டி, இருவருமே அப்பதவிக்கு ஏற்றவர்கள் எனப் பெருமானார் நிலைநாட்டினார்கள்.

அந்த உஸாமாவைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. தந்தை வெண்ணிறத்தவர், மகனோ கருநிறத்தவர். ஆதலால் ஊரார் நாக்கு சும்மா இருக்கவில்லை. ஒருநாள் இருவரும் தலை வரை போர்த்திக் கால்கள் மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தனர். அங்க அடையாளம் கண்டு உறவு சொல்வதில் வல்லவரான முஜஸ்ஸிஸ் என்பவர் அவ்வழியே வந்து, அக்கால்கள் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியவை என்றார். அதைக் கேட்டுப் பெருமானாரின் திருமுகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது. எதற்காக அம்மகிழ்ச்சி? உஸாமா ஒரு பிரபுவின் மகன் என்று தெரியவந்ததற்காக அன்று. அவர் முன்னாள் அடிமை ஒருவரின் மகன்தான் என்னும் உண்மை, அவதூறிலிருந்து விடுபட்டதற்காக. மறைந்த பிறப்பு வெளிப்படும் கதைகளில் வாசகன் எதற்காக மகிழ வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

தந்தை எவரென்றே அறிய முடியாதவரின் நிலை யாது? அதே வசனத்தின் தொடர்ச்சி அதற்கும் விடை கூறுகிறது: அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள். தாயிபுக் கோட்டையிலிருந்து கப்பிக் கயிற்றின் உதவியால் இறங்கிவந்து இஸ்லாத்தில் சேர்ந்ததால் 'அபூபக்ரா' எனப் பெயர் பெற்ற தோழர், இவ்வசனத்தை எடுத்துக்கூறி, தந்தை அறியப்படாதோருள் தாமும் ஒருவர், ஆகவே உங்கள் மார்க்கச் சகோதரர் என்று வெளிப்படையாகவே கூறிக்கொண்டதாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். தம் பிறப்பின் வெற்றிடத்தை ஒளிக்காமலும், அதற்காகக் கூனிக் குறுகாமலும் ஒருவர் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

நம் சட்ட நூல்களில் 'லகீத்', அதாவது கண்டெடுக்கப்பட்ட குழந்தை, என்றே ஒரு தனிப் பாடம் இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தையை எடுத்துக் காப்பது சமுதாயத்தின் மீது பொதுக்கடமை. எடுத்தவர் அதற்குச் சாட்சிகளை வைத்துக்கொள்வது கட்டாயம் என்பது ஷாபி மத்ஹபின் சட்டம். ஏன்? அக்குழந்தையின் சுதந்திரமும் வம்சமும் பிற்காலத்தில் அழிந்துபோகாமல் காக்கவே. நாவலாசிரியனுக்கு இரகசியம் வேண்டும். சட்ட அறிஞனோ முதல் நாளிலேயே சாட்சியைக் கேட்கிறான்! உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அபூஜமீலா என்பார் கண்டெடுத்த குழந்தையொன்றைக் கொணர்ந்தபோது, அவரது நன்னடத்தை விசாரித்து அறியப்பட்டது. பின்னர் குழந்தை சுதந்திரமானது என்றும், அதன் செலவு பொதுநிதியைச் சேர்ந்தது என்றும் தீர்ப்பளிக்கப்பட்டது. குழந்தையின் குலம் எது என்பது அச்செலவுக்கு நிபந்தனையாக வைக்கப்படவில்லை.

அரபு நாட்டுச் செய்திகள் இருக்கட்டும். பழைய வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில், திருப்பத்தூரிலிருந்து மேலேறிச் சென்றால் புதூர்நாடு இருக்கிறது. அங்கும் சுற்றியுள்ள மலைநாடுகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர், தமிழ் பேசும் மலைமக்கள்) தம் தோற்றம் குறித்து வழங்கிவரும் கதையொன்றை ஆங்கிலேயர் காலத்து நூல்கள் பதிவு செய்துள்ளன. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர் பெண் கேட்டு மறுக்கப்பட்டனர். சினந்து ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் மாண்டதாகக் கருதி ஈமச்சடங்கு செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். வெள்ளம் பெருகிய பாலாற்றை நாய்கள் பாதி கடந்து திரும்பிவிட்டன. ஆடவர் பகை வென்று வீடு வந்தபோது, சடங்குகள் முடிந்திருந்தன, மனைவியர் கைம்பெண்களாகியிருந்தனர், உயிரோடு நின்றவர்களை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி, நிலம் திருத்திப் பயிரிட்டு வாழ்ந்தனர் என்பது கதை.

இதன் வரலாற்று மெய்ம்மையை நாம் ஆராயப் புகவில்லை; இது புகட்டும் நீதியே நம் கவனத்தைக் கவர்கிறது. இங்கே பிறப்பு மறைக்கப்படவில்லை. இவர் இன்னார் மகன், இன்னாள் கணவன் என்று காஞ்சிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், நடந்து முடிந்த சடங்கு கண்முன் நின்ற மனிதனைவிட மெய்யானதாகிவிட்டது. ஆகவே பிறப்பின் உண்மை வெளிப்பட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்னும் நாவல் உலகின் நம்பிக்கை முழுமையானதன்று. உண்மையை ஏற்கும் நெஞ்சமும் வேண்டும். அன்றியும், அம்மலைமக்களின் கண்ணியத்தை, காஞ்சியில் விட்டுவந்த குலத்தைக் கொண்டா நாம் அளப்பது? கல்லும் சரிவுமான நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விளைவித்த உழைப்பைக் கொண்டு அளப்பதன்றோ நேர்மை?

நிற்க. இது பழங்கதைகளோடு முடிந்துவிடும் வினா அன்று. தமிழக அரசு 1992-ல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கைவிடப்படும் சிசுக்கள், பெரும்பாலும் பெண் சிசுக்கள், அதன் மூலம் காக்கப்பட்டன. அத்தகைய குழந்தைகளை நம் சமுதாயத்திலும் எடுத்து வளர்ப்போர் உளர். விரும்பும் முஸ்லிம்கள் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்கலாம் என 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஷரீஅத்தோ வம்சத்தை மாற்றாமல் வளர்க்கும் 'கபாலா' முறையை வகுத்துள்ளது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை அதனைப் பெயர் சுட்டியே ஏற்றிருக்கிறது. இயன்ற வரையில் தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டென்பதும் அவ்வுடன்படிக்கையில் உள்ளது. வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லையே என்று கவலுவோர், வாழ்நாளில் 'ஹிபா'வாக வழங்கலாம். மூன்றிலொரு பங்குக்குள் 'வஸிய்யத்' எழுதலாம். கைக்குழந்தைப் பருவத்திலேயே வளர்ப்புத் தாய் பாலூட்டினால் பால்குடி உறவும் ஏற்பட்டுவிடுகிறது. வழிகள் அடைக்கப்படவில்லை.

எனினும் பல இல்லங்களில் பிள்ளைக்கு உண்மை சொல்லப்படுவதில்லை. "சொன்னால் மனம் உடைந்துவிடும்" என்பது வளர்ப்போரின் அச்சம். அவ்வச்சம் அன்பில் பிறந்தது. அதை நாம் எள்ளமாட்டோம். பெற்றவளின் மானமும் இதில் அடங்கியிருக்கிறது. பிறர் குறையை மூடுவது நம் மார்க்கம் போற்றும் பண்பே. ஆனால் தெருவுக்கு மறைப்பது வேறு, பிள்ளைக்கு மறைப்பது வேறு. தெருவுக்கு அதில் உரிமை ஏதுமில்லை. பிள்ளைக்கோ அது சொந்தப் பொருள். வளர்ப்பவர் கையில் இருக்கும் அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்க்காமல் வைத்துக்கொள்வது, எத்துணை அன்போடு செய்யப்பட்டாலும், நீதியாகாது. அதுவும், கல்யாணப் பேச்சின்போது அயலார் வாயிலிருந்தும், சொத்துத் தகராறின்போது உறவினர் வாயிலிருந்தும் அது வெளிப்படுமாயின், மடியில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய சொல் முகத்தில் எறியப்பட்ட கல்லாகிவிடும்.

உண்மையைச் சொல்ல வளர்ப்போர் அஞ்சுவதற்கு நாமும் காரணமல்லவா? சம்பந்தம் பேச வந்த இடத்தில் பிள்ளையின் ஒழுக்கத்தையும் கல்வியையும் கேட்பதற்கு முன், "எந்த வகையறா?" என்று கேட்பவர்கள் நாமே. மனிதருள் மேலானவர் இறையச்சம் மிக்கவரே என்னும் ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனையை மிம்பரில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வாசல் திண்ணையில் வம்சத் தராசைத் தூக்குபவர்களும் நாமே. அத்தராசைக் கீழே வைத்தாலன்றி அந்த இல்லங்களின் வாய்ப்பூட்டு திறவாது.

இனி, வாசகர் கருத்துக்களுக்கு வருவோம். பெற்றவரைத் தேடிய அசன் வீண்வேலை செய்யவில்லை. தனக்குரிய அமானிதத்தைத் தேடினான். ஆதலின் மூன்றாம் சாரார் அவனுக்கு நீதி செய்தாரில்லர். அவன் ஒரு பிரபுவின் மகனானதால் அவன் கல்வியும் வீரமும் ஒரு மாற்றுக்கூட ஏறிவிடவில்லை. ஆதலின் முதற் சாரார் அவனைப் புகழ்வதாக எண்ணி அவன் உழைப்பைக் குறைத்துவிட்டனர். சுமைகூலியின் மகனாக இருந்திருந்தால் என்று வினவியவரே நெருங்கி வந்தவர். அவருக்கு நாம் கூறும் விடை இதுதான்: அப்போதும் அசன் தன் தந்தையைத் தேடியிருக்க வேண்டும், கண்டதும் கட்டித் தழுவியிருக்க வேண்டும், வாசகராகிய நாமும் அதே அளவு மகிழ்ந்திருக்க வேண்டும். அந்த மகிழ்ச்சி நம் நெஞ்சில் எழுமா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோமாக.