வணக்கம் யாருக்கு?

"கத்தோலிக்கர் மர்யம் அம்மையாரை வணங்குகின்றனர், மாண்டுபோன புனிதர்களை வணங்குகின்றனர், ரோமாபுரியில் வீற்றிருக்கும் போப்பாண்டவரையும் வணங்குகின்றனர்." நம்மவருள் பலர் சிறிதும் ஐயமின்றிக் கூறும் சொற்கள் இவை. நாமும் ஒரு காலத்தில் கூறி வந்தோம். பல்லாண்டுகளுக்கு முன், நம் நண்பரான கத்தோலிக்க ஆசிரியர் ஒருவரிடம் இதனையே சற்று உரிமையோடு சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை.

"பாய், ஹஜ்ஜுக்குப் போகிற உங்கள் மக்கள் ஒரு கருங்கல்லை முத்தமிடுகிறார்களே, அந்தக் கல்லையா வணங்குகிறார்கள்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றோம்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் நெஞ்சு அறியும், சார்."

"அப்படியானால் எங்கள் நெஞ்சை எங்களிடம் கேட்காமல் நீங்கள் எப்படி அறிந்தீர்கள்?"

நாம் வாயடைத்துப் போனோம். ஹஜருல் அஸ்வதை நோக்கி, "நீ நன்மையோ தீமையோ செய்யவியலாத கல்" என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் உரைத்த செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தது. உதடு செய்வது ஒன்று, உள்ளம் கருதுவது ஒன்று என்பதை நமக்காக வாதாடும்போது நினைவில் வைத்துக்கொள்கிறோம். பிறரைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறோம். அன்று தொடங்கி அந்த ஆசிரியரிடமும் நூல்களிடமும் நாம் கேட்டறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ் முஸ்லிம்களுக்கு 'வணக்கம்' என்பது இபாதத். அது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. இரவெல்லாம் விழித்துத் தொழுபவரை வணக்கசாலி என்போம். தெருவில் எதிர்ப்படுபவருக்கு அச்சொல்லைக் கூறவும் நாக்கூசுவோர் நம்மிடையே உண்டு. தமிழ்க் கத்தோலிக்கரோ அதே சொல்லை இறங்குமுகமாகப் பயன்படுத்துகின்றனர். இறைவனுக்கு அவர்கள் செலுத்துவது ஆராதனை. மாதாவுக்கும் புனிதர்களுக்கும் செலுத்துவதே வணக்கம். மே மாதத்தை 'மாதா வணக்க மாதம்' என அவர்கள் கொண்டாடுவதைக் கேட்கும் நாம், நம் அகராதியைக் கொண்டு அவர்கள் சொல்லுக்குப் பொருள் கொள்கிறோம். அவர்கள் மரியாதை என்கின்றனர்; நம் செவியில் அது வழிபாடு என விழுகிறது.

இதே விபத்து ஐரோப்பாவில் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் திருவுருவங்களை ஒழிக்கப் புறப்பட்டபோது, அவற்றுக்காக வாதாடி எழுதியவர்களுள் தலையாயவர் தமஸ்கஸ் நகர் யோவான். அவர் குடும்பத்தார் உமையாக் கலீபாக்களின் அரசில் பணிபுரிந்தவர்கள். கிறிஸ்தவப் பேரரசரின் கை எட்டாத முஸ்லிம் ஆட்சியின் நிழலில் இருந்துகொண்டே அவர் உருவங்களுக்காக எழுதினார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. பின்னர் 787இல் நிசேயாவில் கூடிய சங்கம் இரண்டு கிரேக்கச் சொற்களைப் பிரித்து வைத்தது. தலைதாழ்த்திச் செய்யும் மரியாதை 'புரோஸ்கினேசிஸ்'. அதனைத் திருவுருவங்களுக்குச் செலுத்தலாம். மெய்யான வழிபாடு 'லத்ரெய்யா'. அது இறைவனுக்கு மட்டுமே. அத்தீர்மானம் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு மேற்கே சென்றபோது, மரியாதையைக் குறித்த கிரேக்கச் சொல் 'அதோராசியோ', அதாவது ஆராதனை, என்றாயிற்று. அதனைப் படித்த சார்லமேன் மன்னரின் அறிஞர்கள் திடுக்கிட்டனர். கிழக்கத்தியர் படங்களை ஆராதிக்கக் கட்டளையிட்டுவிட்டனர் என்று கருதி, 794இல் பிராங்பர்ட்டில் கூடி அதனைக் கண்டித்தனர். ஒரே சமயத்தார், ஒரே நூற்றாண்டினர். மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு பிழை போதுமானதாயிற்று. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இவ்வேறுபாட்டை விரிவாக வகுத்துரைத்தார். இறைவனுக்கு லாத்ரியா, புனிதருக்கு துலியா, மரியாளுக்கு அதனினும் ஒரு படி மேலான ஹைப்பர்துலியா. மூன்றாவது இரண்டாவதன் உயர்நிலையே, முதலாவதன் தாழ்நிலையன்று. இதனைக் கத்தோலிக்கர் வற்புறுத்திக் கூறுவர்.

பெயரிட்டுவிட்டால் வேறுபாடு உண்டாகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அவர்களுடைய மன்றாட்டு மாலைகளைச் செவிகொடுத்துக் கேட்டால் அவ்வேறுபாடு வினைச்சொல்லிலேயே இருப்பது விளங்கும். இறைவனை விளித்ததும் 'இரங்கும்' என்பர். மரியாளையும் புனிதரையும் விளித்ததும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பர். 'தாரும்' என்று கேட்பது ஓரிடத்தில். 'எங்களுக்காகக் கேளும்' என்பது மற்றோரிடத்தில்.

இப்பழக்கத்தின் வேர் தியாகிகளின் கல்லறையில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்று துருக்கியில் இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னா நகரில், போலிக்கார்ப் என்னும் முதிய ஆயர் தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்துக் கொல்லப்பட்டார். அந்நகரச் சபையார் எழுதிய கடிதம் இன்றளவும் இருக்கிறது. ஆயரின் உடலைக் கொடுத்துவிட்டால் இவர்கள் சிலுவையில் அறையப்பட்டவரை விட்டுவிட்டு இவரை வணங்கத் தொடங்கிவிடுவர் என்று எதிரிகள் அதிகாரியிடம் எச்சரித்தனராம். சபையார் அதற்கு விடையளித்தனர். தாங்கள் வழிபடுவது கிறிஸ்துவை. தியாகிகளிடம் கொள்வதோ, அவருடைய சீடர்கள் என்பதனால் எழும் அன்பு என்றனர். உடல் எரிக்கப்பட்டபின் எஞ்சிய எலும்புகளைப் பொன்னினும் மணியினும் மேலாக எடுத்து வைத்து, ஆண்டுதோறும் அவ்விடத்தில் கூடினர். நாம் இன்று எழுப்பும் குற்றச்சாட்டும் அவர்கள் இன்று கூறும் விடையும் அக்கடிதத்திலேயே இருக்கக் காண்கிறோம்.

ஊரார் தாமாகவே போற்றிவந்த இம்மரபைப் பிற்காலத்தில் ரோமாபுரி தன் கைக்குள் கொண்டுவந்தது. போப்பாண்டவர் ஒருவரை முறைப்படி புனிதராக அறிவித்ததாக உறுதியாக அறியப்படும் முதல் நிகழ்ச்சி 993இல் நடந்தது. அதன்பின் விசாரணைகள், சாட்சிகள், அற்புதங்களுக்கான மருத்துவச் சோதனைகள் என நடைமுறை வளர்ந்தது. புனிதராகப் போகிறவரின் குறைகளைத் தேடி எடுத்துரைக்கவே ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். மக்கள் அவரைச் 'சாத்தானின் வழக்கறிஞர்' என்றனர். எனினும் முதல் தீர்ப்பு பெரும்பாலும் மக்களுடையதே. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்து, கிறிஸ்தவராகிய தேவசகாயம் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ரோமாபுரி அவரைப் புனிதர் என்றது 2022இல். குமரி மாவட்டத்து மக்கள் அதற்காக இருநூற்றெழுபது ஆண்டுகள் காத்திருக்கவில்லை.

சரி, உயிரோடிருக்கும் நல்லடியாரிடம் 'எனக்காக துஆச் செய்யுங்கள்' என்று நாமும் கேட்கிறோம். அது இணைவைத்தலாகாது. கத்தோலிக்கர் அதே விண்ணப்பத்தை மறைந்தவரிடமும் செய்கின்றனர். இறைவனிடம் சென்றடைந்தவர் மாண்டவரல்லர். நம்மினும் மிக வாழ்பவர் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே மறைந்தவர் நம் குரலைக் கேட்கின்றனரா, கேட்பதாகக் கொள்ள நமக்கு ஆதாரம் என்ன என்பதே மெய்யான கருத்து வேற்றுமை. தெய்வங்கள் எத்தனை என்பது அங்கே வழக்கே அன்று. இவ்வேற்றுமை சிறியதன்று, ஆனால் நாம் கூறிவந்த குற்றச்சாட்டு இதுவன்று.

மரியாள் பற்றிய செய்தி இதனினும் நுட்பமானது. 431இல் எபேசு நகர்ச் சங்கம் அவரை 'இறைவனைப் பெற்றவர்' எனப் பட்டஞ்சூட்டியது. அதனை அவர்கள் அம்மையாருக்கு அளித்த பதவியாகக் கருதவில்லை. மகன் யார் என்பதற்கான அறிக்கையாகவே கருதினர். ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றிய நம் நம்பிக்கை வேறாதலால் அப்பட்டத்தை நாம் ஏற்க இயலாது. அதற்காக மர்யம் (அலை) அவர்களை நமக்கு அயலவராக்கிவிட வேண்டியதில்லை. அருள்மறையில் பெயர் சுட்டப்பெற்ற ஒரே பெண்மணி அவரே. அவர் பெயரால் ஓர் அத்தியாயமே உண்டு. அவர்மீது அவதூறு கூறியோரை மறை கண்டிக்கிறது. அவரையும் அவர் மகனையும் கடவுளராக்குவதையும் அது கண்டிக்கிறது.

அவ்வெல்லையைக் கத்தோலிக்கத் திருச்சபையும் கவலையோடு காவல் காக்கிறது என்பதை நாம் அறிந்தபோது வியப்படைந்தோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மரியாளுக்கென்று தனி ஏடு வேண்டுமா, திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே ஒரு பகுதியாகச் சேர்த்தால் போதுமா என்று 1963 அக்டோபரில் வாக்கெடுத்தனர். சேர்த்தால் போதும் என்றோர் 1114 பேர். வேண்டாம் என்றோர் 1074 பேர். உலகெங்குமிருந்து வந்த ஆயர்கள் நாற்பதே வாக்குகளில் பிளவுபட்டனர்! தனியே உயர்த்தினால் மகனிடமிருந்து தாய் பிரிந்துவிடுவார் என்ற அச்சம் ஒரு பக்கம். குறைத்தால் மக்களின் நெஞ்சு புண்படும் என்ற அச்சம் மறுபக்கம். 2025 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பொன்று, மரியாளை 'இணை மீட்பர்' எனும் பட்டத்தால் அழைப்பது பொருந்தாது என்று கூறிவிட்டது. மீட்பவர் ஒருவரே என்னும் கொள்கை மங்கிவிடும் என்பதே காரணம்.

இவ்வளவும் ஏட்டில் உள்ளவை. வேளாங்கண்ணிக்குக் காலில் கட்டியோடு வரும் மகனைத் தூக்கிக்கொண்டு, கால் வடிவில் செய்த தகட்டைக் காணிக்கையாகப் போடும் தாய்க்கு துலியாவும் தெரியாது, லாத்ரியாவும் தெரியாது. அவள் 'எனக்காகக் கேளும்' என்கிறாளா, 'தாரும்' என்கிறாளா? அவளுக்கே தெரியுமோ என்னவோ! கற்றோர் வரைந்த கோடு அழுகின்ற கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இங்கேதான் நம் மனம் உறுத்துகிறது. ஆனால் அதே தாயின் அடுத்த வீட்டுக்காரி சில கல் தொலைவிலுள்ள நாகூருக்கு வருகிறாள். போப்பரசரைப் 'போப்பாண்டவர்' என்பதில் உள்ள 'ஆண்டவர்' நம் செவியைக் குத்துகிறது. ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வை 'நாகூர் ஆண்டவர்' என்போர் யாவர்? கத்தோலிக்கராவது இப்போது 'திருத்தந்தை' என்று சொல்லப் பழகிவிட்டனர்.

போப்பாண்டவரிடம் வருவோம். அவர் தவறே செய்யாதவர் என்று கத்தோலிக்கர் நம்புவதாகப் பலர் எண்ணுகின்றனர். 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் கூறியது அதுவன்று. நம்பிக்கை, ஒழுக்கம் ஆகியவை குறித்து அனைத்துத் திருச்சபைக்குமான ஆசான் என்ற நிலையிலிருந்து இறுதியாக அறுதியிட்டு உரைக்கும்போது மட்டுமே அவர் வழுவார் என்றது. அதன்பின் ஐயத்துக்கிடமின்றி அவ்வதிகாரம் பயன்படுத்தப்பட்டது ஒரே ஒருமுறை. மரியாள் உடலோடு விண்ணேற்கப்பட்டார் என்று 1950இல் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தபோது. போப்பாண்டவரும் பாவமன்னிப்புக் கோருபவரே. 2014இல் பிரான்சிஸ், எல்லோரும் காண, ஒரு சாதாரணக் குருவின் முன் மண்டியிட்டுத் தம் பாவங்களை அறிக்கையிட்டார். பேதுருவிடம் கிறிஸ்து ஒப்படைத்த பொறுப்பு இவரிடம் தொடர்கிறது என்பதே அவர்கள் செலுத்தும் மரியாதையின் அடிப்படை.

ஆயினும் நம் கருத்தில், அபாயம் முழந்தாளில் இல்லை, கீழ்ப்படிதலில் இருக்கிறது. கழுத்தில் சிலுவையோடு வந்த அதீ இப்னு ஹாதிம் அவர்களைப் பற்றிய அறிவிப்பை நினைவுகூர்வோம். குருமாரையும் துறவியரையும் இரட்சகராக்கிக் கொண்டனர் என்னும் வசனத்தைக் கேட்டு, "நாங்கள் அவர்களை வணங்கவில்லையே" என்றார் அவர். அவர்கள் ஆகும் என்றதை ஆகுமாக்கி, ஆகாது என்றதை விலக்கிக்கொண்டீர்களல்லவா, அதுவே வணக்கம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். குனிந்த தலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒப்படைத்துவிட்ட மனச்சான்றைப் பற்றியதே அது.

இது வெறும் வாதமன்று. குருமார் சிலர் சிறுவர்களுக்கு இழைத்த பெருங்கொடுமைகள் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் மூடி மறைக்கப்பட்டன. குருவைப் பற்றிப் பிள்ளை சொன்னதைப் பெற்றோரே நம்ப மறுத்த இல்லங்கள் உண்டு. 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் இறைமக்களுக்கு எழுதிய கடிதத்தில், குருமாரை அளவுக்கு மீறி உயர்த்தும் மனப்பான்மையே இக்கேட்டுக்குத் துணைநிற்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். மாதாவின் முன் ஏற்றிய மெழுகுவத்தியால் எந்தப் பிள்ளைக்கும் இத்தகைய தீங்கு நேர்ந்ததில்லை.

கத்தோலிக்கருக்குள்ளேயே இதனை முன்னுணர்ந்தவர் ஒருவர் இருந்தார். போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்டவர் நாட்டுக்கு விசுவாசமாக இருக்க முடியுமா என்று 1874இல் இங்கிலாந்தின் கிளாட்ஸ்டன் கேட்டார். ஜான் ஹென்றி நியூமன் அடுத்த ஆண்டு விடையெழுதினார். விருந்தின் முடிவில் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துவது அந்நாட்டார் வழக்கம். அவ்வழக்கம் நமக்கு ஆகாதது, கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அப்படி வாழ்த்த நேர்ந்தால் போப்பாண்டவரை வாழ்த்துவேன், ஆனால் முதலில் மனச்சான்றை வாழ்த்துவேன் என்னும் பொருளில் எழுதினார் அவர். அவரைத் திருச்சபை ஒதுக்கிவிடவில்லை. 1879இல் கர்தினால் ஆக்கியது. 2019இல் புனிதர் என அறிவித்தது. 2025 நவம்பரில் திருச்சபையின் மறைவல்லுநர் வரிசையிலும் சேர்த்தது.

இச்செய்தியை நம் ஆசிரிய நண்பரிடம் சொன்னோம். இப்போது அவருக்கு முதுமை, கண்ணும் மங்கிவிட்டது. "அப்படியானால் நீங்கள் இனி நியூமனிடமும் மன்றாடலாமே, சார்" என்றோம்.

அவர் சிரித்தார். "அவர் பெரிய படிப்பாளி, பாய். எனக்கு அந்தோணியார் போதும். தினம் இரண்டு தடவை மூக்குக்கண்ணாடி தொலைகிறது; அவரைக் கூப்பிட்டால்தானே கிடைக்கிறது!"

கண்ணாடி அவர் நெற்றிக்கு மேலே இருந்தது. நாம் அதைச் சொல்லவில்லை.