கொச்சுமணியின் சம்மதம்

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டு வந்த தம்பிமார் கதையில், ஒரு பெண் கேட்கும் கட்டம் உண்டு. மறைந்த வேணாட்டு (பின்னாளில் திருவிதாங்கூர்) ராஜா ராம வர்மரின் மகள் கொச்சுமணித் தங்கச்சியை, புதிதாகப் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர் கேட்கிறார். அண்ணன்மார் வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் நிபந்தனை வைக்கிறார்கள்: அவள் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் பட்டம் கட்ட வேண்டும். ராஜா மறுக்கிறார். பகை மூண்டு, நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் வெட்டுண்டு சாகிறார்கள். தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பெண் கேட்டது பாட்டு சொல்லும் கதை. தம்பிமாரின் உரிமை வழக்கும் அவர்களுடைய கொலையும் வரலாறு.

வேணாட்டில் மருமக்கள் வழி: உரிமை சகோதரியின் மகனுக்கு. 1729-ல் ராம வர்மர் இறந்ததும் பட்டம் மருமகனுக்குப் போனது. அந்த முறையில் ராஜாவின் மனைவி ராணி ஆவதில்லை, அம்மச்சிதான். அவள் பெற்ற ஆண் தம்பி, பெண் தங்கச்சி. நிலமும் மரியாதையும் கிடைக்கும். சிம்மாசனம் மட்டும் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பாண்டி நாட்டில் அப்பன் சொத்து மகனுக்கு. அப்பா பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? அவர்களுடைய குறையை வெறும் பதவி ஆசை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. இதே குறை நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகப் புகைந்தது. உழைத்த தகப்பன் சொத்து மருமகனுக்கு, பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைத்தான் மருமக்கள் வழி மான்மியமாகப் பாடினார். 1926-ல் சட்டம் வந்து அந்த முறை மாறியது. யாரும் யாரையும் வெட்டவில்லை.

ஆனாலும் அந்த நிபந்தனையை ராஜா மறுத்தது சரி. பட்டம் அவர் சொந்தச் சொத்தல்ல, பரிசமாகத் தூக்கிக் கொடுக்க; அது ராஜாவின் சகோதரிமாரான ஆற்றிங்கல் ராணிமாரின் பிள்ளைகளுக்கு உரியது. தம்பிமார் திருச்சியிலிருந்து படையோடு வரவழைத்த அழகப்ப முதலியாரே விசாரித்து, மருமகன் பக்கம் தீர்ப்புச் சொன்னதாகத் திருவிதாங்கூர் வரலாறு கூறுகிறது.

தாய்வழி முறை பெண்ணுக்கு நீதி செய்தது என்று இதை வைத்துச் சொல்லிவிடவும் முடியாது. வம்சத்தில் பெண் இல்லாமல் போனபோது வடக்கே கோலத்துநாட்டிலிருந்து பெண்களைத் தத்தெடுத்துக் கொண்டுவந்தார்கள், வாரிசு பெற்றுத் தர. ஒரு முறையில் பெண் மனைவியாகப் போய் வாரிசு பெற வேண்டும், மற்றதில் தத்துப்பெண்ணாக வந்து பெற வேண்டும். கொச்சுமணியின் கதையிலும் பேரம் முழுக்க ராஜாவுக்கும் அண்ணன்மாருக்கும் இடையில்தான். தங்கள் வழக்கு நியாயமானது என்று நம்பிய அண்ணன்மார் அதைத் தங்கள் பெயரிலேயே நடத்தியிருக்கலாம். தங்கையின் பிறக்காத பிள்ளையை ஈடாக வைத்தது அவர்கள் செய்த அநீதி. ராஜ்யம் அமைதியாக இருக்க ஒரு பெண்ணைக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள், ஒப்பந்தம் முறிந்தால் முதலில் யார் அழிவது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தக் கதையில் அழிந்தவர்களில் பேரத்தில் பங்கே இல்லாதவள் அவள்தான்.

மார்த்தாண்ட வர்மர் மேல் உள்ள பெரிய குற்றச்சாட்டு வேறு. தம்பிமாரோடு சேர்ந்து சதி செய்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களைத் தூக்கிலிட்ட பிறகு, அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களிடம் கையளித்தார் என்று அந்த ராஜ்யத்தின் வரலாறுகளே எழுதிவைத்திருக்கின்றன. சதி செய்தவனைத் தண்டிப்பதற்கு ஒரு ராஜா காரணம் சொல்லலாம். சதியில் இல்லாத குழந்தைக்கு என்ன காரணம் சொல்வது? மீனவர் வீட்டில் வாழ்வது இழிவல்ல. அதை இழிவென்று எண்ணி, மனிதர்களைப் பிடுங்கிக் கொடுத்து, மீனவரையே தண்டனைக் கருவியாக்கியது இரட்டைக் கொடுமை. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தவர் என்று அவரைக் கொண்டாடும் இன்றைய குமரி மாவட்டம், இந்தக் கணக்கையும் சேர்த்தே அவரைப் பேச வேண்டும். அந்தக் கரையிலும் அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இருக்கலாம்.