ஏடுகளும் சாட்சி சொல்லும்



உரோமைச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவிடம் என்ன கேட்டு எழுதினார் தெரியுமா? துரோவாவில் விட்டுவந்த போர்வையும், புத்தகங்களும், விசேஷமாய்த் தோற்சுருள்களும். குளிர்காலம் வருகிறது, போர்வை வேண்டும், சரி. சாகப்போகிறவருக்குச் சுருள் எதற்கு? அதை அவர் சொல்லவில்லை.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிற நம்மவர் பலரும் செண்பகனூரில் இறங்கி, அருங்காட்சியகத்தில் பாடம்பண்ணிய மிருகங்களையும் பறவைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறீர்கள். குழந்தைகளுக்கு அது போதும். ஆனால் 1895-ல் சேசு சபையார் நிறுவிய அந்தத் திரு இருதயக் கல்லூரியிலேதான் மதுரை மிசியோனின் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. சுவாமிமார் எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், பழைய நூல்கள் யாவும் அங்கே அடுக்கியிருக்கின்றன. அக்காலத்தில் ஆண்டுதோறும் மிசியோனின் நடப்பை எழுதி உரோமைக்கு அனுப்புவார்கள். கப்பல் கவிழ்ந்தால் என்ன செய்வது? ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதி எழுதி, வேறு வேறு கப்பலில் ஏற்றுவார்கள். 1773-ல் சேசு சபையே கலைக்கப்பட்டு, நம் ஊர்கள் மேய்ப்பனில்லாமல் தவித்த பிறகும் பழைய சரித்திரம் அழியாமல் நமக்குக் கிடைத்தது இந்தப் பிரதிகளால்தான்.

நம் சேது சீமைக்கே வாருங்கள். அர்ச். அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டது 1693 பெப்ருவரி 4. முந்தின நாள் சிறையிலிருந்து தம் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். முத்திப்பேறு பட்டம் கிடைத்தது 1853-ல். அர்ச்சியசிஷ்டர் பட்டமோ 1947-ல். அவரைக் கண்ணால் கண்டவர் ஒருவராவது அப்போது உயிரோடிருந்தாரா? அவர் எழுதியதும், அவரைப்பற்றிச் சாட்சிகள் சொல்ல எழுதிவைத்ததுமே பேசின.

இனி நம் கதை. முன்பு நான் இருந்த ஒரு பங்கில், ஒரு பெரியவர் தம் ஞானஸ்நானச் சான்று கேட்டு வந்தார். முதியோர் பணத்துக்கு வயதைக் காட்ட அவரிடம் வேறு தாள் ஒன்றும் இல்லை. பதிவேட்டை எடுத்தேன். அவருடைய வருஷத்துப் பக்கங்களைக் கரையான் தின்று, கையில் மண்தான் உதிர்ந்தது. "பரவாயில்லை சாமி, கோயிலுக்கு என்னைத் தெரியுமே" என்று சொல்லிப் போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகிய பதிவேடுகளைப் பங்குதோறும் பத்திரமாய் வைக்கத் திருச்சபைச் சட்டமே கட்டளையிடுகிறது. மூடி நன்றாய்ப் பொருந்தும் இரும்புப் பெட்டியும், மழைக்கு முன் ஒருதரம் வெயில்படாத காற்றில் விரித்து வைக்கிற பொறுமையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பனங்காட்டில் பிறந்த உங்களுக்கு ஓலையைப் பேணுவதை நான் சொல்லவேண்டியதில்லை. தாளுக்கும் அந்தக் கவலைதான்.

உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் பாட்டனார் காலத்துத் திருமணச் சான்றோ, பழைய ஞானஸ்நானச் சீட்டோ கிடக்கும். தூக்கி எறியாதீர்கள். ஞாயிறு பூசைக்குப்பின் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். எழுத்துத் தெளிவாய் எழுதக்கூடிய பிள்ளைகள் இரண்டுபேர் துணைக்கு வந்தால் நல்லது.