முப்பத்துமூன்று ஞாயிறுகள்

அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூர ஒரு நகரம் சட்டப்படி விடுமுறை அறிவிப்பதும் அதே நோக்கத்துக்காகச் சிலை எழுப்புவதும் தோற்றத்தில் நெருங்கியவையாக இருந்தாலும் இயல்பில் வேறானவை. சிலைக்கு நகரம் ஒதுக்குவது இடத்தை, விடுமுறைக்கு ஒதுக்குவதோ உழைப்பவருடைய ஒரு பகலை. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டன் ஏப்ரல் 16ஆம் நாளை ‘விடுதலை நாள்’ என்னும் பெயரில் 2005ஆம் ஆண்டு பொது விடுமுறையாக்கியது. 1865இல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டதைக் குறிக்கும் ஜூன் 19, 2021இல்தான் நாடு முழுமைக்குமான விடுமுறையாயிற்று. வாஷிங்டனின் நாள் அதைவிட மூன்றாண்டு பழைய நிகழ்ச்சியைச் சுட்டுவது, அந்த நகரத்துக்கே உரியது.

1862 ஏப்ரல் 16 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அந்நகரில் ஏறத்தாழ 3,100 பேரை விடுவித்தது. அவருடைய புகழ்பெற்ற விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வர அப்போது இன்னும் எட்டு மாதங்களுக்கு மேல் இருந்தது. ஆயினும் இச்சட்டம் ‘இழப்பீட்டு விடுதலை’ என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது, விடுவிக்கப்படும் மனிதர் உடைமையாகவே கருதப்பட்டு, அவரை இழக்கும் உரிமையாளருக்கு அரசு விலை கொடுத்தது. தலைக்குச் சராசரியாக 300 டாலருக்கு மிகாமல் அந்தத் தொகை வரையறுக்கப்பட்டிருந்தது. ஆயுள் முழுதும் கூலியின்றி உழைத்தவருக்கோ, நாட்டை விட்டு ஹைட்டிக்கோ லைபீரியாவுக்கோ போக இசைந்தால் மட்டும் 100 டாலர் வரை தரப்படும் என்பதே ஏற்பாடு. பிரிட்டனின் 1833ஆம் ஆண்டுச் சட்டமும் இரண்டு கோடி பவுண்டை உரிமையாளர்களுக்கே வழங்கியது. (அச்சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியதால், தமிழ் மண்ணின் அடிமைகளை அது தொடவே இல்லை.)

வாஷிங்டனில் பணம் பெற விரும்பிய உரிமையாளர்கள் அளித்த விண்ணப்பங்கள் 966. ஒவ்வொன்றிலும் அடிமையின் பெயர், வயது, உடல்வாகு, தெரிந்த தொழில், கேட்கப்படும் விலை ஆகியவை எழுதப்பட்டன. பல குடும்பங்களின் முன்னோர் பெயர்கள் இன்று கிடைப்பது இந்தக் கணக்குத் தாள்களின் வழியாகத்தான் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. விண்ணப்பித்தவர்களுள் கேப்ரியல் கோக்லி என்னும் கறுப்பின மனிதரும் ஒருவர். தம் மனைவியையும் பிள்ளைகளையும் முன்னரே விலை கொடுத்து மீட்டிருந்ததால் சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கு அவரே உரிமையாளர். சொந்தக் குடும்பத்துக்கு அவரும் இழப்பீடு கோர வேண்டியிருந்தது.

அந்த விண்ணப்பங்களில் இன்னொன்று பிலிப் ரீட் என்பவரைப் பற்றியது. நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்து உச்சியில் நிற்கும் ‘விடுதலை’ என்னும் பெண்ணுருவ வெண்கலச் சிலையை வார்த்த பட்டறையில் அவர் அடிமையாக வேலை பார்த்தார். வார்ப்புக் காலத்தில் நெருப்பைக் காத்து நின்ற அவருடைய உழைப்புக்கு அரசு கூலி கணக்கிட்டது. ஆறு நாள் கூலி உரிமையாளருக்குப் போயிற்று, ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டுமே ரீட்டின் கைக்கு வந்தது. நாளொன்றுக்கு ஒன்றேகால் டாலர் வீதம் 33 ஞாயிறுகளுக்கு 41 டாலர் 25 சென்ட். பின்னர் அவருக்காக உரிமையாளர் கேட்ட விலை 1,500 டாலர்; கிடைத்தது 350 டாலர் 40 சென்ட். சிலையின் இறுதிப் பகுதி 1863 டிசம்பர் 2 அன்று உச்சியில் பொருத்தப்பட்டபோது ரீட் சுதந்திர மனிதர்.

அடிமைமுறை என்றதும் சங்கிலியும் சவுக்குமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு அடியில் இருப்பது ஒருவருடைய நாட்களை இன்னொருவர் உடைமையாக்கிக்கொள்ளும் ஏற்பாடு என்பதை ரீட்டின் கணக்கு ஒளிவு மறைவின்றிக் காட்டுகிறது. வாரத்தில் தமக்கென்று எஞ்சிய ஒரே நாளையும், அதாவது ஓய்வுக்கு உரிய நாளையே, விற்றுத்தான் அவர் தம் பெயரில் கூலி பெற முடிந்தது. ஆகவே ஊதியம் குறையாத ஓய்வு நாள் ஒன்றை இந்த நினைவுக்கு உரியதாக்கியது மிகப் பொருத்தமான செயல் என்றே கொள்ள வேண்டும். பறிக்கப்பட்டது எதுவோ அதே வடிவில் அது திரும்புகிறது.

திரும்புவது யாருக்கு என்ற கேள்வியை ஆனால் ஒதுக்கிவிட முடியாது. அன்று நகர அலுவலகங்களும் பள்ளிகளும் மூடப்படுகின்றன. மத்திய அரசின் அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்குகின்றன. தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயம் ஏதும் இல்லை. எனவே அன்றும் விடுதி அறைகளைத் துப்புரவு செய்பவருக்கும் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவருக்கும் அந்தப் பகல் பெரும்பாலும் அவர்களுடையதாக இருப்பதில்லை. நாட்டின் பிற பகுதியினருக்கோ, வருமான வரிக் கணக்கு அளிக்கும் கடைசி நாள் சில ஆண்டுகளில் தள்ளிப்போவதன் வழியாகவே இந்த விடுமுறை தெரியவருகிறது.

நகரம் இந்த நாளை ஏற்பதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் அதை எடுத்துக்கொண்டிருந்தனர். 1866 முதல் 1901 வரை வாஷிங்டனின் கறுப்பின மக்கள் ஏப்ரல் 16 அன்று இசைக்குழுக்களுடனும் கொடிகளுடனும் அணிவகுத்தார்கள். விடுப்புத் தரும் சட்டம் எதுவும் அப்போது இல்லை. வந்தவர்கள் தங்கள் உழைப்பு நாளிலிருந்து அந்தப் பகலைத் தாங்களே எடுத்து வந்தார்கள்.